கால்டுவெல் ஐயரின் வாழ்க்கையைக் கோடைக்கானலில் உட்கார்ந்து எழுதுவது எப்படி

எங்கள் ஆலயத்தின் சபை மலர் வேலை தொடங்கிவிட்டது என்பதை நான் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. ஏதாவது ஒரு பிள்ளை கையில் புது நோட்டுப் புத்தகத்தோடு நாயுடுபுரம் மேடேறி வந்து என் வாசலில் மூச்சு வாங்க நிற்கும். "டீச்சர், கால்டுவெல் ஐயரைப் பற்றி நான்கு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்." போன வருடம் இரண்டு பேர். இந்த வருடம் ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர். ஒரே பாட்டை ஐந்து முறை பாட எனக்குத் தொண்டை இல்லை. எழுதியே வைத்துவிடுகிறேன், இனி வருகிறவர்களுக்குக் காப்பி மட்டும் கொடுத்தால் போதும்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிட வேண்டும். இருபது வருடத்துக்கு முன் இதே மலரில் நானும் அவரைப் பற்றி எழுதினேன். பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் என்ற தைரியம். "1891-ஆம் ஆண்டு கோடைக்கானலில் மறைந்து, இம்மலை மண்ணிலேயே துயில் கொள்கிறார்" என்று முடித்திருந்தேன். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், திசையன்விளைப் பக்கத்துக்காரர், ஆராதனை முடிந்ததும் மலரை விரித்துப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அம்மா, அவர் எங்கள் இடையன்குடி ஆலயத்தில் பீடத்துக்குக் கீழே இருக்கிறார். நீங்கள் எப்போது தோண்டி இங்கே கொண்டுவந்தீர்கள்?"

மலர் 300 பிரதி. திருத்தச் சீட்டு அச்சடித்து, வீட்டிலேயே மைதாப் பசை காய்ச்சி, பிரதி பிரதியாக ஒட்டினேன். டிசம்பர் மாத ஈரத்தில் பசை எங்கே காயும்? இரண்டு வாரத்தில் பூஞ்சை பூத்து, பக்கம் 14-உம் 15-உம் ஒன்றாகிவிட்டன. பிரித்தவர்கள் கையில், படத்தில் இருந்த அத்தியட்சர் (பிஷப்) கால்டுவெல்லின் வெள்ளைத் தாடி பாதியாகக் கிழிந்து வந்தது. அந்தப் பிரதி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். எழுத வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

ஆகவே பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். நம் ஊர்க்காரர் எழுதும்போது இறப்பிலிருந்துதான் பின்னோக்கி நடக்க வேண்டும், ஏனென்றால் நமக்குச் சொந்தமானது அந்த முனைதான். பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு மூன்று கட்டம் கீறிக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் தேதி, நடுவில் இடம், மூன்றாவதில் "யார் சொன்னது". பிள்ளைகள் எல்லோரும் முதல் இரண்டையும் நிரப்பிவிட்டு மூன்றாவதைக் காலியாக விடுவார்கள். நான் மூன்றாவதைத்தான் முதலில் படிப்பேன். அங்கே "இணையம்" என்று மட்டும் எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது "சந்தையில் ஒருவர் சொன்னார்" என்று எழுதுவதற்குச் சமம்.

அந்தத் தாளின் கடைசி வரியை மட்டும் நான் நிரப்பித் தருகிறேன். இராபர்ட் கால்டுவெல், 1891 ஜனவரி 31 அன்று அத்தியட்சர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று கோடைக்கானலில் இறந்தார். வயது 77. நடுவில் இருப்பது 209 நாட்கள். உடனே ஒரு பிள்ளை "கோடைக்கானலில் 209 நாட்கள் வாழ்ந்தார்" என்று எழுதிவிட்டது. இல்லை. விலகிய நாள் வேறு, மலையேறிய நாள் வேறு. இரண்டு தேதிக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டால் கிடைப்பது இடைவெளிதான், வாசம் அல்ல. இதற்கு முன்பும் உடம்புக்கு முடியாதபோது அவர் இந்த மலைக்கு வந்து போனவர்தான். ஆகவே "கடைசி மாதங்களை இங்கே கழித்தார்" என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் மூன்றாவது கட்டம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

தேதியைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: கிழமை. கைபேசியில் பழைய ஆண்டின் காலண்டரைத் திறந்தால் போதும். குருப்பட்டம், அத்தியட்சர் அபிஷேகம் போன்றவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடப்பவை. அவருக்கு முதல் குருப்பட்டம் கிடைத்த 1841 செப்டம்பர் 19 ஞாயிறு. கல்கத்தாவில் அபிஷேகமான 1877 மார்ச் 11-உம் ஞாயிறு. அப்படியானால் தேதி நம்பத் தகுந்தது. புதன்கிழமை என்று வந்தால் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இன்னோர் இடத்தில் பார்க்காமல் எழுதக் கூடாது.

தேடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அவர் காலத்து ஆங்கிலப் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர்கள் நம் வாயில் வருவது போல இருக்காது. திருநெல்வேலி "டின்னெவெல்லி"யாகவும், பழனி மலை "புல்னி"யாகவும், இடையன்குடி "எடெயன்கூடி"யாகவும் இருக்கும். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று கையை விரிக்க வேண்டாம். மருமகன் வையட் தொகுத்து 1894-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அவரே சொல்லிக்கொண்ட வாழ்க்கை அதில் இருக்கிறது. ஆனால் மருமகன் மாமனாரைப் பற்றித் தொகுத்தது என்பதை மறக்காமல் படியுங்கள்.

இனி, அவர் எப்படிப்பட்ட அத்தியட்சர் என்பதை ஒரு பத்தியில் தெளிவாக்க வேண்டும். முக்கால்வாசிக் கட்டுரைகள் வழுக்கி விழும் இடம் இதுதான். எபிஸ்கோப்பல் சபை என்றால் அத்தியட்சர் தலைமையில் நடக்கும் சபை. மூலமான கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வையாளர் என்று பொருள். தமிழ் வேதாகமம் அதைக் "கண்காணி" என்று சொல்கிறது. மலையில் அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு எஸ்டேட் கங்காணிதான் நினைவுக்கு வருவார். என் பாட்டிக்குக் கடைசிவரை இந்தக் குழப்பம் இருந்தது. வேத பாடத்தில் "கண்காணியானவன் குற்றஞ்சாட்டப்படாதவனாக" இருக்க வேண்டும் என்று வாசிக்கும்போதெல்லாம் "எந்த எஸ்டேட்டில்?" என்று முணுமுணுப்பாள்.

கோடைக்கானலைக் கட்டி எழுப்பிய அமெரிக்க மதுரை மிஷன்காரர்களுக்கு அத்தியட்சர் கிடையாது. 1845-இல் சன்னிசைடு, ஷெல்ட்டன் என்று இரண்டு வீடு கட்டிக் குடியேறிய அவர்கள் வேறு மரபு. கால்டுவெல்லும் அப்படிப்பட்ட மரபிலிருந்து வந்தவர்தான். அயர்லாந்தில் 1814-இல் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, கிளாஸ்கோவில் படித்து, லண்டன் மிஷன் அனுப்பி 1838 ஜனவரியில் சென்னைக்கு வந்தவர். பிறகுதான் இங்கிலாந்து சபையில் சேர்ந்தார். நற்செய்தி பரப்பும் சங்கத்தின் ஊழியர் ஆனார், எஸ்.பி.ஜி. என்று திருநெல்வேலியில் இன்றும் சொல்கிறார்களே, அது.

"திருநெல்வேலித் திருமண்டலத்தின் முதல் அத்தியட்சர்" என்று எழுதாதீர்கள். அவர் காலத்தில் அப்படி ஒரு திருமண்டலமே இல்லை. அது 1896-இல் பிறந்தது, முதல் அத்தியட்சர் மார்லி. 1877-இல் சென்னை அத்தியட்சருக்கு உதவியாக இரண்டு பேரை ஏற்படுத்தினார்கள். எஸ்.பி.ஜி. சபைகளுக்குக் கால்டுவெல், சி.எம்.எஸ். என்ற இன்னொரு மிஷன் சங்கத்தின் சபைகளுக்குச் சார்ஜென்ட். ஒரே நாளில், ஒரே ஆலயத்தில் இருவருக்கும் அபிஷேகம். ஒரே ஜில்லாவில் இரண்டு கங்காணிகள் என்று என் பாட்டி சொல்லியிருப்பாள். தென்னிந்தியத் திருச்சபையும் 1947-இல்தான் வந்தது. அந்தப் பெயரையும் அவர் தலையில் வைக்காதீர்கள். பேராயர் என்றோ அத்தியட்சர் என்றோ எழுதலாம், ஆனால் கட்டுரை முழுக்க ஒன்றையே எழுதுங்கள். ஆயர் வேண்டாம், படிக்கிறவர் கத்தோலிக்கர் என்று நினைத்துக்கொள்வார்.

தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே போனால் 1841-இல் இன்னொரு மலை வந்து நிற்கும். நீலகிரி. அந்த ஆண்டு அவர் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்பட்டார், அதுவும் நடந்தே. நேர்வழியில் போகவில்லை. சோழநாட்டு ஊர்களைப் பார்த்துக்கொண்டே மேற்கே திரும்பி நீலகிரி ஏறினார். சென்னை அத்தியட்சர் ஸ்பென்சர் அப்போது அங்கே தங்கியிருந்தார். அவர் கையால்தான் இவருக்கு முதல் குருப்பட்டம். பிறகு இறங்கி, மறுபடியும் நடந்து, ஆண்டு முடியும் சமயத்தில் இடையன்குடியின் செம்மண் தேரியில் போய்ச் சேர்ந்தார். ஒரு மலையில் குருவானவர். ஐம்பது வருடம் கழித்து இன்னொரு மலையில் முடிவு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். "என்னே விதியின் விளையாட்டு" என்று எழுதிய பிள்ளைக்கு நான் மதிப்பெண் போடவில்லை.

கப்பல் பயணத்தைப் பற்றி இரண்டு வரி போதும். ஆனால் ஒரு செய்தியை விடாதீர்கள்: அதே கப்பலில் தெலுங்கு அறிஞர் பிரவுன் இருந்தார். இந்திய மொழிகளைப் பற்றிய பேச்சு கரை தட்டுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

அடுத்தது அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். 1856-இல் லண்டனில் வெளிவந்தது. 1875-இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு. பிள்ளைகள் எல்லோரும் "உலகப் புகழ்பெற்ற நூல்" என்று எழுதுகிறார்கள், ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. முழுக்கப் படியுங்கள் என்று நான் சொல்லவில்லை, நானே படித்ததில்லை. முன்னுரையையும் மொழிப் பட்டியலையும் மட்டும் பாருங்கள். முதல் பதிப்பில் ஒன்பது மொழிகள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு எல்லோருக்கும் தெரியும். அடுத்து வருபவை தோடா, கோத்தா. நீலகிரியில் எருமை மேய்க்கிறவர்களின் பேச்சும், பானை வனைகிறவர்களின் பேச்சும். பிறகு கோண்டு, கூ. ஏட்டில் ஏறாத மலைப் பேச்சைத் தொல்காப்பியத் தமிழோடு ஒரே பந்தியில் உட்கார வைத்தார் என்பதுதான் எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்தது. உங்களுக்கு வேறொன்று பிடிக்கலாம், ஆனால் பிடித்த ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்து நடங்கள். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் சொன்னவர் கால்டுவெல் அல்லர். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-இலேயே, கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில் அதைச் சொல்லிவிட்டார். மூன்று வருடத்தில் இராமநாதபுரத்தில் இறந்தும் போனார். கால்டுவெல் அந்தக் கருத்தை விரிவாக நிறுவினார். குடும்பத்துக்குத் திராவிடம் என்ற பெயரை நிலைக்கச் செய்தார். "முதன்முதலில் கண்டுபிடித்தார்" என்ற சொற்களைக் கண்டால் சிவப்பு மையால் அடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரியவர் ஒருவரை உயர்த்த இன்னொருவரை அழிக்க வேண்டியதில்லை.

இனி கசப்பானது. மலரில் இதைப் போட வேண்டுமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். போட வேண்டும். 1849-இல் அவர் எழுதிய ஒரு சிறு புத்தகம், தாம் ஊழியம் செய்த பனையேறிகளைப் பற்றியது. அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றார். அவர்களுடைய வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றார். அறிவைப் பற்றியும் மட்டமாக எழுதினார். இன்று யாரும் சொல்ல விரும்பாத அந்தச் சாதிப் பெயரையே தலைப்பில் வைத்தார். அதனால் எழுந்த கோபம் அவர் காலத்தோடு அடங்கவில்லை. என் தாத்தா தேரிக்காட்டிலிருந்து இந்த மலைக்கு ஒரு துரை வீட்டுச் சமையல்காரராக வந்தவர். எங்கள் வீட்டுச் சுவரில் கால்டுவெல் படம் தொங்கியது. அதன் கீழே நின்றுகொண்டே அந்தப் புத்தகத்தைத் திட்டுவார். படத்தைக் கழற்றவும் இல்லை, திட்டுவதை நிறுத்தவும் இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது, "பிடிக்கவில்லையென்றால் படத்தை எடுத்துவிடலாமே தாத்தா" என்றேன். "ஐயர் பள்ளிக்கூடம் வைத்தார். அதில் படித்ததால்தான் ஐயர் எழுதியது தப்பு என்று எனக்குத் தெரியும்" என்றார். உங்கள் கட்டுரையில் இரண்டும் வர வேண்டும். எந்த வரிசையில் என்பது உங்கள் விருப்பம்.

எலைசா அம்மாளை மறந்தால் கட்டுரையை என்னிடம் கொண்டுவர வேண்டாம். மால்ட் ஐயரின் மகள், நாகர்கோவிலில் வளர்ந்தவர், 1844-இல் திருமணம். பேச்சுத் தமிழில் கணவரைவிட அவருக்கே நாக்கு நன்றாகத் திரும்பும். இடையன்குடியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் வேலை அவர் தாய் நாகர்கோவிலில் தொடங்கியது. எத்தனை கட்டுரைகளில் இவர் "துணைவியார் உறுதுணையாக இருந்தார்" என்ற மூன்று சொல்லில் முடிந்துபோகிறார் தெரியுமா? கணவர் இறந்து எட்டு வருடம் கழித்து, 1899-இல் இறந்தார். அவரும் அடக்கமானது இடையன்குடியில்தான்.

இடையன்குடி ஆலயத்துக்கு 1847-இல் அடிக்கல், திறப்பு 1880-இல். 33 வருடம். ஜன்னல் வளைவுகளைக் களிமண்ணில் பிசைந்து கொத்தனார்களுக்குக் காட்டினார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். "சொல்வார்கள்" என்ற சொல்லோடுதான் எழுத வேண்டும். அதை எடுத்துவிட்டால் கதை சான்றாகிவிடும்.

அவர் கல்லறை இங்கே இல்லை என்றாலும், அவர் காலத்துக் கோடைக்கானலைத் தெரிந்துகொள்ளப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். சூரியன் சாய்ந்திருந்தால்தான் தேய்ந்த எழுத்தில் நிழல் விழும். பத்து மணிக்கு மேல் கல் வெறும் கல். பனிமூட்டமாக இருந்தால் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறையக் கல்லைத் தொடுகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கற்பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள், பாசியோடு எழுத்தும் உதிர்ந்துவிடும். சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். தெளிவாகத் தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஒருமுறை 1 என்பதை 7 என்று படித்துவிட்டு, மூன்று வயதுக் குழந்தையை அறுபத்து மூன்று வயதுக் கிழவியாக்கிவிட்டேன்.

கடைசியாக, இறுதிப் பயணத்தை எழுதும் விதம். இங்கேதான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். "மேகங்கள் கண்ணீர் வடித்தன." எந்த மேகம்? பார்த்தது யார்? அழகுக்காக ஒரு மழையும் வேண்டாம். வழியை மட்டும் எழுதுங்கள், அதுவே போதும். 1891-இல் மோட்டார் சாலை கிடையாது. அது முதல் உலகப் போர்க் காலத்தில்தான் திறந்தது. மலையிலிருந்து இறங்க இருந்தது குதிரைப் பாதை. பெரியகுளம் பக்கம், அடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. மேலே ஏறுகிறவர்கள் குதிரையில் வருவார்கள், இல்லையென்றால் கூலிக்காரர் தோளில் நாற்காலியிலோ டோலியிலோ வருவார்கள். தோப்பிலிருந்து அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம்வரை மாட்டு வண்டியில் ஓர் இரவுப் பயணம். இன்று கோடை ரோடு என்று நாம் டிக்கெட் எடுக்கும் நிலையம்தான் அது. மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு 1876 முதல் ரயில் ஓடியது. அங்கிருந்து மறுபடியும் தேரிக்காட்டுச் சாலை. கோடைக்கானலில் இறந்த ஒருவர் இடையன்குடியில் அடக்கமானார் என்ற ஒரு வரிக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது. அதைத் தூக்கிச் சுமந்தவர்களின் பெயர்களை நான் எங்கும் பார்த்ததில்லை.

பழைய குதிரைப் பாதையின் ஒரு துண்டைச் செண்பகனூர்ப் பக்கம் இன்னும் பார்க்கலாம். வரும் சனிக்கிழமை மழை இல்லாவிட்டால் இந்த வருடத்து ஐந்து பேரையும் அழைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் இறங்கலாம் என்றிருக்கிறேன். காலை ஏழு மணி, பஸ் நிறுத்தம். காலண்டர் தாளையும் பென்சிலையும் கொண்டுவாருங்கள்; பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். அட்டைப்பூச்சி இருக்கும், ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.